வரும்போது மட்டும் கேட்கும் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

இல்லாத சத்தம் ஏதாவது அவருக்குக் கேட்கிறதா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மதுரை டாக்டர் கொடுத்தனுப்பிய படிவத்தில் இது பதினேழாவது கேள்வி. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர் நிரப்ப வேண்டிய படிவம். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பஸ்ஸிலேயே பதில் எழுதிவிட்டேன். தூக்கத்தில் கத்துகிறாரா: எப்போதாவது. வாசனை தெரிகிறதா: குறைவு. கீழே விழுந்தாரா: இல்லை. பதினேழு மட்டும் நிரப்பாமல் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. வலது கை நடுங்கும். மாத்திரை போட்டால் அடங்கும். வண்டி ஓட்டலாம், ஆனால் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த மாத்திரையே சிலருக்கு இல்லாததைக் காட்டும், இல்லாததைக் கேட்க வைக்கும் என்றும் சொன்னார்.

பத்து நாளாக அவர் பிக்கப் வண்டியில் ஒரு சத்தம் வருகிறது என்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

எங்கள் தோட்டத்து முருங்கையையும் பக்கத்துத் தோட்டங்களின் கத்தரி, தக்காளியையும் ஏற்றிக்கொண்டு அவர் ஆறு மணிக்குக் கிளம்புவார். நானும் கூடப் போய் ஒட்டன்சத்திரம் சந்தை வாசலில் இறங்கிப் பழனி பஸ் பிடிப்பேன். அங்கே ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் இது. அந்தப் பதினான்கு கிலோமீட்டரும் நான் வினாத்தாள் திருத்திக்கொண்டோ கண்ணை மூடிக்கொண்டோ வருவேன். இப்போது காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"இப்பக் கேக்குதாங்க?"

"இப்ப இல்ல."

"எப்பக் கேக்கும்?"

"வரும்போது."

"வரும்போது எங்க?"

"மேடு பள்ளம் எல்லாத்துலயும். ரயில்வே கேட்டுல நல்லாக் கேக்கும். முதுகுக்குப் பின்னால, எடது பக்கம். ஆரோ கதவத் தட்டுற மாதிரி."

திரும்பி வரும்போது நான் வண்டியில் இருப்பதில்லை. ஆக, நான் இல்லாதபோது மட்டும் கேட்கும் சத்தம். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. இவற்றை அப்படியே எழுதி வைக்கிறேன். வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஜூன் 6, வெள்ளி

போகிற வழியில் சவரிமுத்துவின் பட்டறையில் நிறுத்தினோம். அவர் பட்டறைக்குப் பின்னாலேயே குடியிருப்பதால் காலை நேரம் ஒரு பொருட்டில்லை. ஈரத் துண்டோடு வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, கம்பியால் ஒவ்வொரு இணைப்பையும் நெம்பிப் பார்த்தார். சந்தைக்கு நேரமாகிவிடும் என்பதால் சரக்கை இறக்கவில்லை. இரண்டு முறை பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்தார்.

"பாணிண்ணே, உங்க வண்டிக்குப் பதினோரு வயசு. எனக்கு நாப்பத்தெட்டு. எந்திரிச்சா எனக்கே முட்டி டக்குங்குது. அதுக்கு ஆரு புஷ் மாத்துறா?"

"உன் முட்டி சத்தம் உனக்குக் கேக்குதுல்ல? என் வண்டி சத்தம் எனக்குக் கேக்காதாடா?"

"கேக்கட்டும், கேக்கட்டும். பொண்டாட்டி சத்தம் கேக்காம இருந்தாச் சரி." சொன்ன பிறகுதான் நான் முன் சீட்டில் இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. "டீச்சர், சும்மா வெளையாட்டுக்கு."

சத்தம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முன்பக்கம்தான் என்று சொல்லி, மாலையில் முன்சக்கரத்து ரப்பர் புஷ்கள் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். எத்தனை வண்டிகளை வைத்து இந்தத் தொண்ணூறைச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜூன் 7, சனி

மாற்றியும் சத்தம் அப்படியே இருக்கிறது என்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

கல்லூரி இல்லை. போகவும் வரவும் கூடவே இருந்து தீர்த்துவிடலாம் என்று கிளம்பினேன். சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, பக்கத்திலேயே பத்து மூட்டை மாட்டுத் தீவனம் வாங்கி ஏற்றினார். நான் பலகாரக் கடையில் மிக்சர் வாங்கினேன். திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் ஒருமுறை மெதுவாகவும், வண்டியைத் திருப்பிவந்து ஒருமுறை வேகமாகவும் ஓட்டச் சொன்னேன். கேட் கீப்பர் வெளியே வந்து பார்த்தார்.

ஒன்றுமில்லை.

"இன்னிக்கு வரல" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நீ இருந்தா வரமாட்டேங்குது மணி. உன்னயக் கண்டா அதுக்கும் பயம்" என்று சிரித்தார்.

வசந்தாமணி என்ற பெயரை மணி என்று சுருக்குகிறவர் இந்த உலகத்தில் இவர் ஒருவர்தான். நானும் சிரித்திருக்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

மறுபடி பட்டறை. மறுபடி சரக்கோடு. சவரிமுத்து பின்பக்க ஷாக் அப்சார்பர்களையும் ஆட்டிப் பார்த்தார், எல்லாம் இறுக்கமாக இருந்தது. பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. வண்டியில ஒண்ணுமில்ல. அண்ணனோட காத ஒருவாட்டி காட்டுங்க. இல்ல…" நெற்றிப் பொட்டில் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

வண்டிக்கு அந்தப் பக்கம் என் கணவர் நின்றிருந்தார். கேட்டிருக்காது.

ஜூன் 12, வியாழன்

சத்தம் பற்றி அவர் சொல்லத் தொடங்கியதிலிருந்து நான் கவனித்துக் கேட்ட பயணங்கள் பதினொன்று. பதினொன்றிலும் சத்தம் இல்லை. மெக்கானிக்கின் சோதனை இரண்டு. இரண்டிலும் இல்லை. ஒரு மாணவி இந்த விவரங்களைக் கொண்டுவந்து வைத்தால் என்ன முடிவு சொல்வேனோ அந்த முடிவையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதினேழில் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

அவர் முருங்கைக் கட்டுகளுக்கு வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுற?"

"ஆஸ்பத்திரி பேப்பர்."

"சத்தத்தப் பத்திக் கேட்டிருக்காங்களா?"

"ஆமா."

"என்ன போட்ட?"

"இன்னும் போடல."

ஜூன் 13, வெள்ளி

மதுரை. டாக்டர் படிவத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் கனிவாகவே கேட்டார்.

"என்ன சத்தம் கேக்குது உங்களுக்கு?"

"வண்டி சத்தமுங்க."

"இப்பக் கேக்குதா?"

"இப்ப எப்படிங்க கேக்கும்? வண்டி தோட்டத்துலல்ல நிக்குது?"

டாக்டர் புன்னகைத்தபடி ஏதோ எழுதினார். எனக்கு அந்தப் பதில் மிகத் தெளிவான பதிலாகப் பட்டது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நடுக்கத்துக்கான மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். சாயங்காலம் போட ஒரு புது மாத்திரை எழுதினார். இனி வண்டி ஓட்டக் கூடாது.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது மடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

சரக்கைப் பக்கத்துத் தோட்டத்து வண்டி எடுத்துப் போகிறது. நான் காலையில் மெயின் ரோடு வரை நடந்து பஸ் ஏறுகிறேன். நடப்பது நல்லது. அவருடைய நடை சுருங்கிவிட்டது, தரையில் எதையோ தேடுகிறவர் போல வைக்கிறார். மருந்து பழக இரண்டு வாரம் ஆகும் என்று போனில் சொன்னார்கள்.

மோட்டார் ரூமில் பல்லி முட்டை இருந்தது. சுத்தம் செய்தேன்.

ஜூன் 20, வெள்ளி

சட்டைப் பொத்தான்களை இன்று நான்தான் போட்டுவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

கட்டிலிலிருந்து எழ இருபது நிமிடம். வாயோரம் எச்சில் வடிவது அவருக்கே தெரிவதில்லை. நான் துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஓசூரிலிருந்து தரணி பேசினாள். அப்பாவை வண்டி ஓட்ட விடாதது சரிதானா என்று கேட்டேன். மகளிடம் இப்படி அனுமதி கேட்பது எனக்குப் புதிது. "நீ சொன்னாச் சரியாத்தான்மா இருக்கும். நீ எதையும் பாக்காமச் சொல்ல மாட்டியே" என்றாள்.

சத்தத்தைப் பற்றி அவர் இப்போது பேசுவதே இல்லை. புது மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டரிடம் சொல்லலாம். வண்டி கொட்டகையில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 28, சனி

வண்டியை விற்றுவிடலாம் என்று சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். குரல் மிகச் சன்னமாக வருகிறது, கிட்டே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டேன். பழனியில் ஆள் இருக்கிறதாம்.

ஜூலை 1, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு சவரிமுத்து வந்தார். அவர் கொட்டகைக்குப் போகும் முன் வாசலில் நின்று, "பாணிண்ணே, வண்டிய எடுத்துட்டுப் போறேன்" என்றார். இவர் நாற்காலியிலிருந்து கையைத் தூக்க முயன்றார். சவரிமுத்து அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

பழனி வரை போகிற வண்டிதானே என்று நானும் ஏறிக்கொண்டேன். கல்லூரி வாசலில் இறங்கலாம். பின்னால் ஒரு கூடைகூட இல்லை. இரண்டு சாக்கும் ஒரு கயிறும் மட்டும் கிடந்தன.

தோட்டத்துப் பாதையிலிருந்து தார் ரோட்டில் ஏறும்போது ஒருமுறை. டக். சவரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்து வேகத்தடையில் இரண்டாவது முறை. அவர் கியரைக் குறைத்தார். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது, என் முதுகுக்குப் பின்னால், இடது பக்கம், யாரோ நிதானமாக விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி: டக், டக், டக்.

வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார்.

"டீச்சர்."

"கேட்டுச்சு."

"நான்… ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்தேனே டீச்சர்."

"சரக்கோட ஓட்டினீங்க."

அவர் இறங்கி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே மல்லாந்து படுத்தார். நானும் குனிந்தேன். கம்பியைக் கொடுத்து நெம்பினார். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்தில் மாட்டியிருந்த இரும்புப் பின்னு தேய்ந்து, தன் ஓட்டைக்குள் தாராளமாக ஆடியது. புஷ் இருந்த இடத்தில் கறுப்புத் தூள்தான் இருந்தது.

"சரக்குச் செமை ஏறுனாப் பட்டை அமுங்கி, பின்னு ஒரே பக்கமா இறுகிக்கும். நெம்பினாலும் அசையாது, ஓட்டினாலும் கேக்காது. வண்டி காலியாப் போனாத்தான் துள்ளும். துள்ளுனாத்தான் தட்டும்." எழுந்து, கையிலிருந்த கிரீஸோடு தலையில் அடித்துக்கொண்டார். "வரும்போது, வரும்போதுன்னு சொன்னாரே டீச்சர். நானெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

"எவ்வளவு நாளா இப்படி இருந்திருக்கும்?"

"ரெண்டு மாசமாச்சும் இருக்கும்."

நான் கேட்ட பயணங்கள் பதினொன்று. பதினொன்றிலும் பின்னால் சரக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுத் தீவனம். ஒரே மாதிரியான நிலைமையில் எத்தனை முறை பார்த்தாலும் அது ஒருமுறை பார்த்ததற்குச் சமம் என்று முதல் வருட மாணவிகளுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் நடத்துகிறேன். இந்த வருடம் அந்தப் பாடம் நாளை மறுநாள் வருகிறது.

விற்க வேண்டாம் என்று சொன்னேன். பட்டறைக்கு வண்டியைத் திருப்பினார். பஸ் வரும்வரை என்னை நிழலில் நிற்கச் சொன்னார். நின்றேன். இரண்டு பஸ் போயின.

ஜூலை 2, புதன்

விடுப்பு எடுத்து, தனியாக மதுரை போனேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். பின்னு எந்த இடத்தில் தேய்ந்திருந்தது என்பதைக்கூடச் சொன்னேன், அவருக்கு அது தேவையில்லை. அவர் கோபப்படவில்லை. நீங்கள் அறிந்ததை எழுதினீர்கள், நான் அதை வைத்து முடிவு செய்தேன் என்றார். புது மாத்திரையை நிறுத்தி, பழையதை முழு அளவில் கொடுக்கச் சொன்னார்.

"முன்னாடி மாதிரி ஆயிடுவாரா?"

"நிறைய திரும்பும். எல்லாம் திரும்பும்னு சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து, அந்தப் பழைய படிவத்தில் ஒரு பதிலை மட்டும் அடித்து மாற்ற முடியுமா என்று நர்ஸிடம் கேட்டேன். ஃபைலில் சேர்ந்ததை மாற்ற முடியாதும்மா, வேண்டுமானால் புதுசு எழுதிக் கொடுங்கள் என்றார். அங்கேயே உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் புதிதாக எழுதினேன். கீழே விழுந்தாரா: ஆம், ஒருமுறை, ஜூன் 26. அதை இந்த நோட்டில் நான் எழுதியிருக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலைச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன்.

"சத்தம் இருந்துச்சுங்க. பின்னாடி, எடது பக்கம். பட்டையில பின்னு தேஞ்சிருந்துச்சு."

இட்லியை வெகுநேரம் மென்றார்.

"சவரி சொன்னானா?"

"நானே கேட்டேன்."

"சரி."

படிவத்தில் முதலில் என்ன போட்டேன் என்பதையும் சொன்னேன். "தெரியும்" என்றார். வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றபோது சவரிமுத்து பேசியதும் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். கல்லூரியில் அந்தப் பாடத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

கட்டிலிலிருந்து தானே எழுந்தார். ஐந்து நிமிடம்.

ஜூலை 9, புதன்

பொத்தான்களில் இரண்டை அவரே போட்டார். குரலும் கொஞ்சம் கூடியிருக்கிறது. கிணற்றடி வரை நடந்து, முருங்கையில் கம்பளிப்பூச்சி விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

சாயங்காலம் சவரிமுத்து வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பின்னு, புஷ் எல்லாம் இரண்டு பக்கமும் புதிது. காசு வாங்க மறுத்தார், நான் விடவில்லை. அவர் இவருடைய நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "என்னைய ஒரு அறை விடுங்கண்ணே" என்றார். இவர், "கை நடுங்குதுடா, குறி தப்பிரும்" என்றார். இருவரும் சிரித்தார்கள். இவர் சிரித்து ஒரு மாதம் ஆகிறது.

நாளை நான் வண்டியை ஓட்டப் போகிறேன். என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. இந்த வண்டியைத் தோட்டத்துக்குள் பல முறை ஓட்டியிருக்கிறேன். எதையும் ஏற்றாமல், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். கேட்டில் மெதுவாக்கி, இப்போது கேட்கிறதா என்று கேட்பேன். அவர் இல்லை என்பார். நீங்கள் சொன்னதுதான் சரி, நான்தான் நம்பவில்லை என்று அப்போது சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்து அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. சமையலறையில் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

நடந்தது இது.

ஏழரைக்குக் கிளம்பினோம். அவர் ஏறுவதற்கு முக்காலி வைத்தேன். ஓட்டுநர் பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு இடது பக்கம் போனார். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் நான் கிளட்சைச் சரியாக விடாததால் வண்டி குலுங்கி நின்றது. "மெதுவா" என்றார். அவ்வளவுதான். வேறு எந்தச் சத்தமும் இல்லை.

ரயில்வே கேட்டில் முதல் கியரில் ஏறி இறங்கினேன். தண்டவாளத்தில் டயர் உரசும் ஒலி மட்டும் வந்தது. கேட்டைத் தாண்டி, புளியமரத்துக்கு அடியில் நிறுத்தினேன்.

"கேக்குதாங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கணக்குப் போடச் சொல்லி நிறுத்தப்பட்ட மாணவிகள் என்னை அப்படிப் பார்ப்பதுண்டு.

"உனக்குக் கேக்குதா?"

"இல்ல."

"அப்ப எனக்கும் கேக்கல" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. நான் சொல்லிப் பழகியிருந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். பாதியில் என் கையை லேசாகத் தட்டி, "வுடு மணி. போலாம்" என்றார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எடுத்தேன்.

சந்தை முக்கு வரை போனோம். அங்கே டீக்கடைப் பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். அவர் கையில் டம்ளர் ஆடும் என்பதால் முக்கால் டம்ளர் மட்டும் ஊற்றச் சொன்னேன். கடைக்காரர் அவருக்குப் பல வருடப் பழக்கம். டம்ளரை நீட்டிக்கொண்டே, "என்னண்ணே ஆளையே காணோம்? சக்கரை போதுமா பாருங்க" என்றார்.

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கடைக்காரரும் என்னைப் பார்த்தார்.

போதும் என்று சொன்னேன். அவர் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.